மீனுக்கு முன்பே குடியேற வேண்டியவை

புது மீன்தொட்டியில் நீர் பளிச்சென்று தெளிந்திருக்கும். சில நாட்களில் மீன்கள் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். பிறகு ஒவ்வொன்றாகச் சாகும். கடைக்காரர் நோயுள்ள மீனைத் தந்துவிட்டார் என்று வீட்டில் முடிவுகட்டுவார்கள். பல சமயம் குறை மீனில் இல்லை. அந்த நீரில் இருக்க வேண்டிய பாக்டீரியாக்கள் இன்னும் வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

மீன் தன் நைட்ரஜன் கழிவில் பெரும்பங்கை அமோனியாவாகச் செவுள் வழியே வெளியேற்றுகிறது. தின்னாமல் மிஞ்சும் தீவனமும் அழுகி அதையே தருகிறது. குளத்தில் அது பரந்து கரையும். சின்னத் தொட்டியில் தேங்கும். நீரின் காரத்தன்மை கூடினால் ஆபத்தும் கூடும். 25 டிகிரி செல்சியஸில், பிஹெச் 7 உள்ள நீரில் மொத்த அமோனியாவில் சுமார் 0.6 சதவீதமே கொடிய வடிவில் இருக்கிறது; பிஹெச் 8 ஆனால் 5 சதவீதத்தைத் தாண்டிவிடும். உப்பும் காரமுமான போர் தண்ணீரை ஊற்றுவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

நைட்ரோசோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் இந்த அமோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. அதுவும் நஞ்சே, மீனின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் பழுப்பு நிறமாகிவிடும். நைட்ரோஸ்பைரா வகைகள் நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கிய பிறகுதான் நஞ்சு பெரிதும் தணிகிறது. நைட்ரேட் செடிக்கு உரம்.

இந்த மாற்றத்தைச் செய்வது உயிர்கள் என்பது ஒரு சோதனையில் தெரிந்தது. 1877இல் பிரான்சில் வேதியியலாளர்கள் ஷ்லோசிங்கும் மூன்ட்ஸும் மணல் நிரப்பிய குழாயில் சாக்கடை நீரை மெல்ல வடியவிட்டார்கள். சுமார் 20 நாள் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு நைட்ரேட் வரத் தொடங்கியது. நுண்ணுயிர்களை முடக்கும் குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தியதும் நின்றுபோனது. அப்படியானால் மணலுக்குள் வேலை செய்தது உயிர்! அமோனியாவையே எரிபொருளாக்கி, கரியமில வாயுவிலிருந்து உடலைக் கட்டிக்கொள்ளும் உயிர் என்று 1890 வாக்கில் நுண்ணுயிரியலாளர் வினோகிராட்ஸ்கி காட்டினார். இரண்டு படிகளையும் தனியே செய்துமுடிக்கும் நைட்ரோஸ்பைரா 2015இல்தான் தெரியவந்தது. அதைக் கண்டறிந்த இரு குழுக்களில் ஒன்றுக்கு அது கிடைத்த இடம், மீன் வளர்ப்பு நீரைச் சுத்திகரிக்கும் ஃபில்டர்.

இந்தப் பாக்டீரியாக்கள் மெல்லப் பெருகுபவை. ஈ.கோலை என்ற பாக்டீரியா உகந்த சூழலில் 20 நிமிடத்தில் இரட்டிக்கும். இவற்றுக்குப் பல மணி நேரம், சில சமயம் ஒரு நாளுக்கு மேலும் ஆகும். ஆகவே தொட்டி தயாராக 4 முதல் 6 வாரம் பிடிக்கலாம். அதுவரை மீன் விடாமல், ஏர் பம்பையும் ஃபில்டரையும் ஓட்டி, அமோனியா கிடைக்கத் தினமும் ஒரு சிட்டிகை தீவனம் போட்டு வாருங்கள். ஆரோக்கியமான பழைய தொட்டியின் ஸ்பாஞ்ச் துண்டு கிடைத்தால் காலம் குறையும். டெஸ்ட் கிட்டில் அமோனியாவும் நைட்ரைட்டும் ஏறி இறங்கிப் பூஜ்யமாகி, நைட்ரேட் தென்பட்டபின் இரண்டு மூன்று மீன்களோடு தொடங்குங்கள்.

பாக்டீரியாக்கள் அதிகம் தங்குவது ஸ்பாஞ்சிலும் சரளைக்கல்லிலும்தான். குழாய்நீரின் குளோரின் அவற்றைக் கொல்லும். வாரம் கால்பங்கு நீரைக் குளோரின் நீக்கி மாற்றுங்கள். ஸ்பாஞ்சைக் குழாயடியில் கழுவாமல், தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசுங்கள்.