நாய்க்கு வைத்தியச் செலவு: காப்புறுதியா, கைச்சேமிப்பா?

பெரியகல்லாற்றில் வீட்டு நாய் ஒன்று சுருண்டு படுத்துவிட்டால் முதலில் வருவது மருந்துச் செலவு அல்ல, ஓட்டோச் செலவு. வாந்தியும் வயிற்றோட்டமுமாகக் கிடக்கும் நாயை பஸ்ஸில் ஏற்ற நடத்துனர் விடமாட்டார். களுவாஞ்சிகுடிக்கோ கல்முனைக்கோ, வைத்தியர் இல்லாத நாள் என்றால் மட்டக்களப்பு நகருக்கோ வாகனம் பிடிக்க வேண்டும். போய்வரக் கொடுக்கும் காசு பல வேளைகளில் ஊசியின் விலையைத் தாண்டிவிடும். அதனால்தான் "ரெண்டு நாள் பாப்பம்" என்று விடுகிறோம். பல குட்டிகள் செத்துப்போவது அந்த இரண்டு நாளில்தான்.

லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கும் உறவுகள் தொலைபேசியில் இதைக் கேட்டால் உடனே கேட்பது, "நாய்க்கு இன்சூரன்ஸ் எடுக்கேலாதா?" என்பதுதான். சிரித்துத் தள்ளக்கூடிய கேள்வி அல்ல இது. இரவில் நாய் குரைக்கும் விதத்தைக் கேட்டே ஒழுங்கைக்குள் யாரோ வருகிறார்கள் என்று அறிந்துகொண்ட தலைமுறை எங்களுடையது. இடம்பெயர்ந்தபோது நாயை அவிழ்த்துவிட்டுப் போனவர்கள் அதைப் பற்றி இன்றும் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார்கள். ஆண் துணையில்லாத எத்தனையோ வீடுகளில் இராக்காவல் இன்றைக்கும் நாய்தான்.

முதலில், அவர்கள் சொல்லும் காப்புறுதி எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். அமெரிக்காவில் நாய்க்கான முதலாவது காப்புறுதிப் பத்திரம் 1982இல் எழுதப்பட்டது. எழுதப்பட்டது தொலைக்காட்சி நட்சத்திரமான லாசி என்ற நாய்க்கு! சுவீடனில் பெரும்பாலான நாய்களுக்குக் காப்புறுதி இருக்கிறது. இந்தியாவில் பஜாஜ் அலையன்ஸ் நிறுவனம் 2020இல் நாய்க் காப்புறுதியைத் தொடங்கியது. பிரித்தானியாவில் அது பரவியிருப்பதற்குக் காரணம் பாசம் மட்டுமல்ல, பயமும்தான். அந்நாட்டின் போட்டி மற்றும் சந்தைகள் அதிகாரசபை 2025 ஒக்டோபரில் வெளியிட்ட இடைக்கால முடிவின்படி, 2016க்கும் 2023க்கும் இடையில் மிருக வைத்தியக் கட்டணங்கள் 63 சதவீதம் கூடியிருந்தன. சிறிய சிகிச்சை நிலையங்களைப் பெரிய நிறுவனங்கள் வாங்கிக் குவித்ததும் அந்த விசாரணையில் பேசப்பட்டது. ஒரு சத்திரசிகிச்சைக்கு ஆயிரக்கணக்கான பவுண் வரக்கூடும் என்ற இடத்தில் மாதாமாதம் கட்டுவது நியாயமாகவே படும்.

ஆனால் பத்திரத்தின் சின்ன எழுத்துகளையும் வாசிக்க வேண்டும். எடுத்த முதல் இரு கிழமைகளுக்குள் வரும் நோய்க்குப் பெரும்பாலும் பணம் கிடையாது. ஏற்கெனவே இருந்த நோய்க்கும் கிடையாது. தடுப்பூசி, பூச்சிமருந்து, கருத்தடைச் சத்திரசிகிச்சை போன்ற வழமையான செலவுகள் சேராது. ஒவ்வொரு கோரிக்கையிலும் முதல் பகுதி எங்கள் கையிலிருந்து போகும். நாய் எட்டு, ஒன்பது வயதைத் தாண்டினால் மீதித் தொகையிலும் ஒரு பங்கு எங்கள் தலையில் விழும். சில பத்திரங்கள் ஒரு நோய்க்கு ஒரு வருடம் மட்டுமே கொடுத்துவிட்டு நிறுத்திவிடும். நீரிழிவோ தோல் ஒவ்வாமையோ வந்த நாய்க்கு இரண்டாம் வருடம் அது வெறும் தாள். வெளிநாட்டில் இருந்து இதை வாசிப்பவர்கள் எடுப்பதானால் வாழ்நாள் முழுவதற்கும் செல்லும் வகையைத்தான் எடுக்க வேண்டும். பிரித்தானியாவில் அரச கொடுப்பனவில் வாழ்பவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. 1917 முதல் இயங்கும் பி.டி.எஸ்.ஏ. என்ற தொண்டு நிறுவனம் தகுதியுள்ளவர்களின் பிராணிகளுக்கு இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ வைத்தியம் செய்கிறது. வைத்தியரிடம் மருந்துச் சீட்டை எழுதி வாங்கி இணைய மருந்தகத்தில் மருந்து எடுத்தாலும் பில் கணிசமாகக் குறையும்.

இனி எங்கள் ஊர். மாட்டுக்குக் காப்புறுதி எங்களுக்குப் புதிதல்ல. படுவான்கரையில் பட்டி வைத்திருப்பவர்களுக்குக் கமத்தொழில் கமநல காப்புறுதிச் சபையைத் தெரியும். மாட்டுக்குச் சந்தை விலை உண்டு, காதில் அடையாள இலக்கம் உண்டு, செத்தால் இழப்பைக் கணக்குப் பார்க்கலாம். ஊர்நாய்க்கு இது ஒன்றும் இல்லை. வயதுச் சான்று இல்லை, சாதிப் பத்திரம் இல்லை, ஊசிப் புத்தகம் இருந்தால் அதிசயம். பகலெல்லாம் தெருவில் திரியும் நாயின் ஆபத்தை எந்த நிறுவனமும் மலிவாக ஏற்காது. யாராவது முகவர் நாய்க் காப்புறுதி என்று வாசலுக்கு வந்தால் மூன்றே மூன்று கேள்வி போதும். கலப்பு நாயைச் சேர்ப்பீர்களா? நோய்ச் செலவைக் கொடுப்பீர்களா, செத்தால் மட்டும் கொடுப்பீர்களா? எந்த வைத்தியரின் பற்றுச்சீட்டை ஏற்பீர்கள்? மூன்றாவதற்குக் கொழும்பில் உள்ள ஒரு சிகிச்சை நிலையத்தின் பெயர் பதிலாக வந்தால் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடலாம்.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. காப்புறுதி என்பது அரிதாக வரும் பெரிய இழப்புக்கானது. எங்கள் நாய்களுக்கு வருவதோ பெரும்பாலும் அடிக்கடி வரும், மலிவாகத் தடுக்கக்கூடிய நோய்கள். தடுக்கும் செலவைக் காப்புறுதி கொடுக்காது என்று மேலே பார்த்தோம்.

முதலாவது விசர்நாய்க்கடி நோய். இலங்கையில் 1973இல் இந்நோயால் 377 பேர் இறந்தார்கள். நாய்களுக்கு ஊசி போட்டதாலும் கடிபட்டவர்களுக்கு அரச வைத்தியசாலைகளில் இலவசமாக ஊசி கிடைப்பதாலுமே அது இன்று பெரிதும் குறைந்திருக்கிறது. ஆனால் நோய் ஒழியவில்லை, அறிகுறி வந்த மனிதரைக் காப்பாற்ற மருந்தும் இல்லை. நாய்களுக்கான அரச தடுப்பூசி இலவசம். ஊருக்கு எப்போது வருகிறார்கள் என்று களுவாஞ்சிகுடி அரச கால்நடை வைத்திய அலுவலகத்திலோ பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஊசி அட்டையை அடையாள அட்டையோடு சேர்த்து வையுங்கள். நாய் கடித்தால் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலைக்குப் போக வேண்டும். கடித்த நாயை அடித்துக் கொன்றுவிட்டால் அதற்கு விசர் இருந்ததா என்பதைக் கவனித்து அறியும் வழி போய்விடும். கட்டி வைத்துப் பார்க்க வேண்டும்.

அடுத்தது பார்வோ. இரத்தம் கலந்த, சகிக்க முடியாத மணமுள்ள கழிச்சல். குட்டிகள்தான் கூடுதலாகச் சாகும். இதற்கு நேரடி மருந்து இல்லை. சேலைன் ஏற்றி நாலைந்து நாள் தாக்குப்பிடிக்க வைப்பதே வைத்தியம், செலவும் அதில்தான். ஆறு முதல் எட்டுக் கிழமையில் தொடங்கி, மூன்று நான்கு கிழமை இடைவெளியில் நாலாம் மாதம் வரை போடும் ஊசிகள் அந்தச் செலவில் ஒரு பகுதிதான். பார்வோவில் குட்டி செத்த வளவில் அதன் கிருமி பல மாதம் உயிரோடு கிடக்கும். அழுகிற பிள்ளையைத் தேற்ற மறுகிழமையே அதே வளவுக்குப் புதுக்குட்டி கொண்டுவந்தால் அதுவும் போய்விடும்.

உண்ணிக் காய்ச்சலைப் பெரும்பாலும் பிந்தித்தான் கண்டுபிடிக்கிறோம். நாய் சாப்பிடாது, முரசு வெளிறும், சிறுநீர் கறுத்துப் போகும். நாயில் மட்டும் மருந்து போட்டுப் பயனில்லை. சுவர் வெடிப்பிலும் படுக்கும் சாக்கிலும் உண்ணி முட்டையிடுகிறது, சாக்கை எரித்துவிடுவதே மலிவான வைத்தியம். சொறிக்குக் கழிவு எண்ணெய் பூசும் பழக்கத்தையும் விட வேண்டும். நாய் அதை நக்கும், ஈரலும் கெடும். மனிதருக்குத் தரும் வலி மாத்திரைகளும் அப்படித்தான். டைக்குளோபினக், இபுபுரூபன் ஆகியவை நாயின் குடலில் புண்ணாக்கிச் சிறுநீரகத்தையும் பழுதாக்கும். பிறகு வருவது முந்தியதைவிடப் பெரிய பில்.

பலர் வெட்கப்பட்டுச் சொல்லாத ஒன்று, இனப்பெருக்க உறுப்பில் பூக்கோவா போல வளர்ந்து இரத்தம் சொட்டும் கட்டி. இது நாய்க்கு நாய் தொற்றும் ஒருவகைப் புற்றுநோய். "கான்சர்" என்ற சொல்லைக் கேட்டதும் கடற்கரையில் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். உண்மையில் வின்கிறிஸ்டின் என்ற மருந்தைக் கிழமைக்கு ஒருமுறையாகச் சில கிழமைகள் ஏற்றினால் பெரும்பாலான நாய்கள் முற்றாகச் சுகமாகும்.

பெட்டை நாய்க்குக் கருத்தடை ஊசி மலிவு என்பதால் அதையே திரும்பத் திரும்பப் போடுவது இன்னொரு பொறி. அந்த ஊசி கருப்பையில் சீழ் கட்டும் ஆபத்தைக் கூட்டுகிறது. சீழ் கட்டினால் அவசர சத்திரசிகிச்சை செய்யாமல் பிழைப்பது கடினம். நேரத்தோடு ஒருதரம் கருப்பையை எடுத்துவிட்டால் அந்தப் பயமும் இல்லை, குட்டிகளைச் சாக்கில் கட்டிச் சந்தையடியில் விடும் பாவமும் இல்லை. கடுவனை நலமடித்தால் அலைச்சல் குறையும். கல்முனை வீதியில் அடிபடுவதும் குறையலாம்.

இவ்வளவும் செய்த பிறகு மிஞ்சும் ஆபத்துக்குத்தான் பணம் சேர்க்க வேண்டும். மாதம் 500 ரூபா ஒதுக்கினால் வருடத்துக்கு 6,000, மூன்று வருடத்தில் 18,000. நோய் வராவிட்டால் காசு எங்களுடையதே. முதல் மாதத்திலேயே நாய் அடிபட்டால் என்ன செய்வது? அதற்கு எங்களுக்குப் பழக்கமான சீட்டு முறையைக் கொஞ்சம் மாற்றலாம். ஒழுங்கையில் ஐந்து வீடு சேர்ந்து வீட்டுக்கு 300 போட்டால் ஆறு மாதத்தில் 9,000. விபத்துக்கும் நோய்க்கும் மட்டும், ஒரு நாய்க்கு இவ்வளவுதான் என்று முதலே எழுதிக்கொள்ள வேண்டும். ஐந்து நாய்க்கும் ஊசி போட்ட பிறகே தொடங்க வேண்டும். பார்வோ வந்தால் ஒரே கிழமையில் ஐந்து வீட்டுக்கும் வரும், அப்போது பெட்டி ஒரே நாளில் காலி. அதே ஐந்து வீடும் சேர்ந்தால் வைத்தியரை ஒழுங்கைக்கே அழைக்கலாம், ஓட்டோக் காசு ஐந்தாகப் பிரியும்.

நாய்க்காக நுண்கடன் எடுக்கக் கூடாது என்பது என் அபிப்பிராயம். கிழமைக் கிழமை கட்டும் கடனில் எங்கள் பெண்கள் பட்டது போதும். பெரிய செலவு என்று வைத்தியர் சொன்னால், பிழைக்க எவ்வளவு வாய்ப்பு, முழுச் செலவும் எவ்வளவு, இதைவிட மலிவான வழி உண்டா என்று கேளுங்கள். நல்ல வைத்தியர் கோபிக்க மாட்டார். முதுகெலும்பு முறிந்து பின்னங்கால் செயலிழந்த நாயை வலியில்லாமல் உறங்கவைக்க ஊசி உண்டு. அதைக் கேட்பது கொலைகாரத்தனம் அல்ல. வாசலில் இரண்டு கிழமை புழுப்பிடிக்க விடுவதைவிட அது மேல்.

வெளிநாட்டு உறவுகள் உதவ விரும்பினால், செத்துக்கொண்டிருக்கும் ஒரு நாய்க்கு அவசரமாக அனுப்பும் காசைவிட, ஒழுங்கையில் உள்ள பெட்டை நாய்களுக்கெல்லாம் ஒரே நாளில் கருத்தடை செய்ய அனுப்பும் காசு கூடுதலாக வேலை செய்யும். வைத்தியரோடு திகதி பேசும்போதே நாய்களின் எண்ணிக்கையைச் சொல்லுங்கள், கூட்டாகச் செய்தால் கட்டணத்தைப் பேசிக் குறைக்கலாம். முதல்நாள் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு நாய்க்கு ஒன்றும் கொடுக்கக் கூடாது. கட்டி வைக்காவிட்டால் பக்கத்து வீட்டு மீன்தலையைத் தின்றுவிட்டு வந்து நிற்கும், திகதியும் பிந்திப்போகும்.