ஒரே சம்பளம், வேறு வேறு சொத்து

கம்மாபுரத்திலிருந்து விருத்தாசலம் பீங்கான் தொழிற்கூடத்துக்கு ஒரே பேருந்தில் வேலைக்குப் போகும் இரண்டு இளைஞர்களை வைத்துக்கொள்வோம். இருவருக்கும் வயது 25. மாதச் சம்பளம் ரூ.15 ஆயிரம். ஊர்த்தெரு இளைஞரின் வீட்டுக்கு இரண்டு ஏக்கர் நிலம் உண்டு. காலனி இளைஞரின் வீட்டுக்கு ஒரு தொகுப்பு வீடும், அக்கா கல்யாணத்துக்கு வாங்கிய ரூ.2 லட்சம் கடனும் உண்டு. ஐந்து ஆண்டில் முதலாமவர் வீட்டுமனை வாங்குகிறார். இரண்டாமவர் வட்டி கட்டுகிறார். "அவனைப் பார், நீ என்ன சேர்த்தாய்?" என்று உறவினர் கேட்பது நியாயமா?

சொத்து மதிப்பில் கடனைக் கழித்தால் மிஞ்சுவதே குடும்பத்தின் நிகர மதிப்பு. கிராமத்தில் அதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் நிலம். 2019-ல் நடந்த தேசிய மாதிரி ஆய்வின்படி, நாட்டில் கிராமப்புற விவசாயக் குடும்பத்தின் சராசரி சொத்து ரூ.22.07 லட்சம். விவசாயம் செய்யாத குடும்பத்துக்கு ரூ.7.85 லட்சம்தான்.

தலித் மக்களிடம் நிலம் இல்லாதது சோம்பலால் அல்ல. செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் 1891-ல் கொடுத்த அறிக்கையைத் தொடர்ந்து, 1892-ல் பஞ்சமி நிலம் ஒதுக்க உத்தரவானது. பிறருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனை இருந்தும் ஏராளமான நிலம் கைமாறிப் போனது.

எனவே இளைஞர்களே, வெட்கப்பட வேண்டாம். வீட்டின் சொத்தையும் கடனையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். வட்டி அதிகமுள்ள கடனை முதலில் அடையுங்கள். மனைப் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். நிலமற்ற விவசாயக் கூலிப் பெண்கள் நிலம் வாங்க மானியம் தரும் தாட்கோவின் நன்னிலம் திட்டத்தை அம்மாவிடம் சொல்லுங்கள். உங்கள் வீட்டுக்கு முதல் சொத்து உங்கள் தலைமுறையில் வரட்டும்.