சுமை ஏற்றுமுன் சிந்திப்போம்

புதுமனை கட்டுவோர்க்கும், வாடகை வீடு மாறுவோர்க்கும், மகளுக்குச் சீர்வரிசை அனுப்புவோர்க்கும் பொதுவாக வந்து நிற்கும் வினா ஒன்று உண்டு: ‘சாமான்களை எதில் ஏற்றுவது?’ வாடகை எவ்வளவு என்பதை மட்டும் கேட்டுவிட்டு, கைக்கு அகப்பட்ட வண்டியை அழைத்து வருவதே நம்மிடையே வழக்கம். பொருள் உடைவதும், வண்டி சாய்வதும், சில வேளைகளில் உயிரே போவதும் இந்த அவசரத்தின் விளைவுகளாகும்.

சென்னையின் மேற்கே, பூந்தமல்லி நெடுஞ்சாலையில் வேலப்பன்சாவடியை அடுத்துள்ள நூம்பலை எடுத்துக்கொள்வோம். ஒருபுறம் பெரும் பாரவண்டிகள் இடைவிடாது விரையும் நெடுஞ்சாலை. மறுபுறம் பழைய கிராமத்துக் குறுகிய தெருக்கள். இடையே புதிய மனைகளும் அடுக்குமாடி வீடுகளும் எழும்பி வருகின்றன. மணலும் செங்கல்லும் பீரோவும் கட்டிலும் இத்தெருக்களின் வழியாகத்தான் வீடு வந்து சேர வேண்டும். பெரிய லாரி நுழைய இயலாத இத்தகைய இடங்களில் சிறு வண்டிகளே நமக்குத் துணை.

எந்த வேலைக்கு எந்த வண்டி?

அமெரிக்கா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் குடும்பங்கள் தம் காரின் பின்னே சிறிய இழுவைப் பெட்டியொன்றைப் பூட்டி, வீட்டுச் சாமான்களைத் தாமே ஏற்றிச் செல்வதுண்டு. நம் நாட்டில் டிராக்டருக்குப் பின்னால் டிரெய்லரைக் காண்கிறோமேயன்றி, காருக்குப் பின்னால் காண்பது அரிது. அப்படிப் பூட்டுவதாயினும் டிரெய்லரைத் தனியே பதிவு செய்தல் வேண்டும். நம் வீட்டுத் தேவைக்கு வாடகைச் சிறு வண்டிகளே போதுமானவை.

முதலாவது, மிதித்தோட்டும் மூன்று சக்கர வண்டி. சென்னை மக்கள் இதனை மீன்பாடி வண்டி என்பர். தெருக்கோடிக் கடையிலிருந்து நான்கு மூட்டை சிமெண்டு, ஒரு மேசை, சில பலகைகள் கொண்டுவர இது ஏற்றது. இவ்வண்டியில் பழைய ஸ்கூட்டர் இயந்திரத்தைப் பொருத்தி ஓட்டுவோரும் உளர். இத்தகைய வண்டிக்குப் பதிவோ காப்பீடோ கிடையாது. அவ்வேகத்திற்கும் பாரத்திற்கும் ஏற்ற பிரேக்கும் இராது. வாடகை குறைவு என்பதற்காக இதனை நெடுஞ்சாலையில் ஏறச் செய்தல் தகாது.

இரண்டாவது, சரக்கு ஆட்டோ. ஏறக்குறைய அரை டன் பாரம் தாங்கும் இது குறுகிய சந்திலும் திரும்பும். அண்மைக் காலத்தில் மின்கலத்தால் ஓடும் வண்டிகளும் வந்துள்ளன. ஆனால் மூன்று சக்கரத்தின் மேல் உயரமான பீரோவை நிறுத்தி வைத்தால், வளைவில் கவிழ்வதற்கு அதுவே காரணமாகிவிடும்.

மூன்றாவது, மக்கள் ‘குட்டி யானை’ என அன்புடன் அழைக்கும் நான்கு சக்கரச் சிறு சரக்கு வண்டி. டாடா நிறுவனம் 2005-ஆம் ஆண்டில் ‘ஏஸ்’ என்னும் வண்டியை வெளியிட்ட பிறகே இப்பெயர் பரவிற்று. தொடக்கத்தில் வந்த அவ்வண்டி முக்கால் டன் பாரத்திற்கென அமைக்கப்பட்டது. இரு அறை வீட்டுச் சாமான்களை ஒன்று அல்லது இரண்டு நடையில் மாற்ற இது பொருந்தும்.

கண்ணை நம்பாதீர், கணக்கை நம்புங்கள்

வண்டியில் இடம் இருக்கிறது என்பதனால் பாரம் தாங்கும் என்று எண்ணிவிடலாகாது. ஒவ்வொரு சரக்கு வண்டியின் பதிவுச் சான்றிதழிலும் வெற்று வண்டியின் எடையும், சுமையுடன் அனுமதிக்கப்பட்ட மொத்த எடையும் குறிக்கப்பட்டிருக்கும். இரண்டிற்கும் உள்ள வேறுபாடே நாம் ஏற்றத்தக்க பாரம். உடன் செல்லும் ஆட்களின் எடையும் இதில் அடங்கும்.

சிமெண்டு மூட்டை ஒன்று 50 கிலோ. செங்கல் ஒன்று சுமார் 3 கிலோ. உலர்ந்த மணல் ஒரு கன அடி ஏறத்தாழ 45 கிலோ. நனைந்திருந்தால் இன்னும் மிகும். எனவே முக்கால் டன் வண்டியில் 15 மூட்டை சிமெண்டோ, 250 செங்கற்களோ, 16 கன அடி மணலோ ஏற்றினாலே எல்லை வந்துவிடுகிறது.

ஏழடி நீளமும் ஐந்தடிக்குச் சற்றுக் குறைந்த அகலமும் உள்ள வண்டித் தளத்தில் ஓரடி உயரத்திற்கு மணல் நிரப்பினால் சுமார் 33 கன அடி ஆகும். அதன் எடையோ ஒன்றரை டன்! பார்வைக்கு மிகுபாரமாகத் தோன்றாத வண்டி, உண்மையில் இரு மடங்கு பாரத்தைச் சுமந்து நிற்கிறது. டயர் வெடிப்பதும், பிரேக் பிடிக்காமற் போவதும் இதனால்தான். 2019-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி மிகுபாரத்திற்கு 20,000 ரூபாயும், மிகுதியான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் உண்டு.

ஏற்றும் முறை

மாட்டுவண்டி ஓட்டிய நம் முன்னோர் முன்பாரம், பின்பாரம் என்பவற்றை நன்கறிந்திருந்தனர். முன்பாரம் மிகுந்தால் மாட்டின் கழுத்து நோகும். பின்பாரம் மிகுந்தால் நுகத்தடி மேலெழும்பும். மேலைநாட்டார் தம் இழுவைப் பெட்டிக்குச் சொல்லும் விதியும் இதுவே. மொத்த எடையில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேலாக இணைப்பின்மீது அழுந்த வேண்டும் என்றும், குறைந்தால் பெட்டி இருபுறமும் ஆடத் தொடங்கும் என்றும் அவர்கள் கூறுவர்.

நம் சிறு வண்டிகளிலும் கனமானவற்றை முதலில், அடியில், ஓட்டுநர் அறையை ஒட்டி வைத்தல் வேண்டும். இருபுறமும் பாரம் ஒத்திருக்கட்டும். குளிர்பதனப் பெட்டியை நிறுத்தியே கட்டுக; படுக்க வைக்க நேர்ந்தால், நிமிர்த்திய பின் சில மணி நேரம் கழித்தே மின்சாரம் செலுத்துக. பீரோவைக் காலி செய்து, பூட்டி, பாய் விரித்து மல்லாத்துக. கண்ணாடியும் சுரூபங்களும் துணியில் பொதியப்பட்டு, மடியில் செல்வதே நலம். மெத்தையும் தலையணையும் எடையற்றவை என்று கட்டாமல் விடாதீர். நெடுஞ்சாலைக் காற்றில் பறந்து, பின்வரும் இருசக்கர வண்டிக்காரரை வீழ்த்துபவை அவையே. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புக் கம்பி இரவில் யமனாகும். கடையிலேயே வளைத்தோ வெட்டியோ வாங்குக.

சுமையின்மேல் மனிதர்கள்

இனி, நாம் மிகுந்த வருத்தத்துடன் எழுதும் செய்தி. சாமான்களின் மேல் பிள்ளைகளை அமர்த்தி அனுப்புவதையும், திருவிழாவுக்கும் திருமணத்திற்கும் குடும்பம் குடும்பமாகச் சரக்கு வண்டியில் நின்றுகொண்டு செல்வதையும் இன்றும் காண்கிறோம். பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை, சாய்ந்தால் வெளியே எறியப்படுவது உறுதி. சரக்கு வண்டியில் ஆட்களை ஏற்றுதல் சட்டப்படி குற்றம். 1994-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி சரக்கின் உரிமையாளருக்கும் அவர்தம் பிரதிநிதிக்குமே காப்பீடு பொருந்தும். மற்றபடி ஏறிச் செல்வோர்க்காகக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பாகாது என உச்ச நீதிமன்றம் 2002-இல் தெளிவாக்கிவிட்டது. விபத்து நேர்ந்தால், ஆளையும் இழந்து, இழப்பீடும் இன்றிக் குடும்பம் தெருவில் நிற்கும். பேருந்துக் கட்டணத்தில் மிச்சம் பிடித்த சில நூறு ரூபாய் இதற்கு ஈடாகுமா?

சுமப்பவரும் நம் சகோதரரே

மனிதனை மனிதன் இழுத்த கைரிக்‌ஷாவைத் தமிழக அரசு 1973-இல் ஒழித்தது. எனினும் மூட்டையைத் தோளில் ஏந்தி மாடிப்படி ஏறுவோர் இன்றும் நம்மிடையே உளர். வயது வந்த ஆடவர் ஒருவர் 55 கிலோவுக்கு மேல் சுமத்தலாகாது என 1967-ஆம் ஆண்டிலேயே பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு பரிந்துரைத்தது. எத்தனை மாடி, எத்தனை நடை, எத்தனை ஆள் என்பதை முன்னதாகவே பேசி, கூலியை உறுதி செய்க. வேலை முடிந்தபின் பேரம் பேசி ஐம்பது ரூபாயைக் குறைப்பது சிக்கனமாகாது. நேரிய கூலி தொழிலாளியின் உரிமை என 1891-ஆம் ஆண்டிலேயே திருத்தந்தை 13-ஆம் சிங்கராயர் உலகிற்கு எடுத்துரைத்ததை நாம் மறத்தலாகாது. குடிக்க நீரும், இளைப்பாறச் சிறிது நிழலும் அளிப்பது நம் கடமை.

அடுத்த முறை வண்டி பேசும்போது, வாடகையைக் கேட்குமுன் மூன்றைக் கேளுங்கள்: இவ்வண்டி எவ்வளவு தாங்கும்? பதிவும் காப்பீடும் உண்டா? ஏற்றி இறக்குவோர் எத்தனை பேர்? இம்மூன்றிற்கும் நேர்விடை கிடைத்த பின் கயிற்றை இறுகக் கட்டுங்கள். பிள்ளைகளைப் பேருந்தில் அழைத்து வாருங்கள். சாமான் ஒரு மணி நேரம் தாமதமாக வந்தாலும், குடும்பம் முழுமையாகப் புது வீட்டில் அடியெடுத்து வைக்கட்டும்.