கொப்புளிப்பானா, சிரங்கா?

2009இல் மெனிக் பாம் முகாமில் கொப்புளிப்பான் பரவியபோது, நெரிசலான கூடாரங்களில் நோயாளியைத் தனியாக வைக்க இடமிருக்கவில்லை. இன்று இடமிருந்தும் ‘அம்மாள் வருத்தம்’ என்று வைத்தியரிடம் போகாதவர்களைக் காண்கிறேன். வேப்பிலை வையுங்கள், ஆனால் உடம்பையும் பாருங்கள்.

காய்ச்சலோடு நெஞ்சு, முதுகு, முகத்தில் சிவப்புப் புள்ளிகள் வரும். அவை நீர் கோத்த கொப்புளமாகி, காய்ந்து பொருக்காகும். மூன்றும் ஒரே நேரத்தில் உடம்பில் இருந்தால் பெரும்பாலும் கொப்புளிப்பான்தான். வைத்தியர் பார்த்தே சொல்லிவிடுவார். பரிசோதனை அரிதாகவே தேவை. சிரங்கு என்றால் விரலிடுக்குகளில் இருக்கும், இரவில் கூடுதலாகக் கடிக்கும், பொதுவாகக் காய்ச்சல் இராது.

கொப்புளம் தெரிய இரண்டு நாள் முன்பிருந்து, எல்லாம் பொருக்காகும்வரை தொற்றும். கர்ப்பிணிகளும் பெரியவர்களும் முதல் நாளே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்: வைரஸ் மருந்தை 24 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். பிள்ளைகளுக்குக் காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் போதும். அஸ்பிரின் கூடவே கூடாது.