வண்டி வைத்தியம் – 14: ஒயர் வழியே ஏறும் ஆயில்

போன வாரம் கியர்பாக்ஸின் பேன் கேஸ்கெட்டைப் பார்த்தோம். கேஸ்கெட் புதிது, போல்ட்டும் சரியாக இறுக்கியாயிற்று. ஆனாலும் பேன் ஓரம் ஈரமாகவே இருக்கிறதா? வண்டியில் இருப்பது மெர்சிடிஸின் 722.6 கியர்பாக்ஸ் என்றால், வலது பக்கம் பேனுக்குச் சற்று மேலே டார்ச் அடித்துப் பாருங்கள். கசிவது அங்கே, சொட்டுவது இங்கே.

1996 வாக்கில் வந்த இந்த ஐந்து கியர் ஆட்டோமேட்டிக், இ-கிளாஸ், சி-கிளாஸோடு நிற்கவில்லை. கிரைஸ்லர் 300சி, ஜீப் கிராண்ட் செரோக்கி போன்ற வண்டிகளிலும் ஓடியது. கிளட்சும் பல்சக்கரமும் அசராமல் உழைக்கும். காலை வாரியது ஒரு பிளாஸ்டிக் துண்டு.

கியர்பாக்ஸுக்குள், வால்வு பாடியின் மேல், வேக சென்சார்கள் பதித்த ஒரு மின்தகடு இருக்கிறது. அதற்கும் வெளியிலுள்ள கம்ப்யூட்டருக்கும் தொடர்பு 13 பின் பிளக் ஒன்றின் வழியாகத்தான். கியர்பாக்ஸ் சுவரைத் துளைத்து நிற்கும் பிளாஸ்டிக் அடாப்டரில் அந்த பிளக் செருகப்படும். அடாப்டரைச் சுற்றி இரண்டு ஓ-ரிங். வருடக்கணக்கில் சூடு ஏறி இறங்கியதில் ரப்பர் விறைத்துவிடுகிறது. ஆயில் வழி கண்டுபிடித்துவிடுகிறது.

தரையில் சொட்டினால் துடைத்துவிடலாம். விபரீதம் பிளக்குக்குள் போகும் ஆயிலால்தான். ஒயரின் செப்பு இழைகளுக்கு நடுவிலுள்ள நுண்ணிய இடைவெளியில், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல ஏறி, கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரின் சாக்கெட் வரை போய்விடும். அப்புறம் சிக்னல் தடுமாறும். வண்டி தற்காப்பு நிலைக்குப் போய், எவ்வளவு மிதித்தாலும் இரண்டாவது கியரிலேயே ஊரும். ஸ்கேனரும் சென்சார் கோளாறு என்றுதான் காட்டும்.

சரிசெய்வது எளிது. வண்டி ஆறியதும் தூக்கி நிறுத்தி, பிளக்கின் வளையத்தை இடப்பக்கமாகத் திருப்பி இழுத்தால் கையோடு வரும். அடாப்டரின் நடுவில் 7 மி.மீ. போல்ட் ஒன்று. அதைக் கழற்றி, பழைய அடாப்டரை உருவிவிட்டு, புதியதன் ஓ-ரிங்கில் கியர்பாக்ஸ் ஆயிலைத் தொட்டுத் தடவிச் செருக வேண்டும். கொஞ்சம் ஆயில் வழியும். பேனைக் கழற்றத் தேவையில்லை. போல்ட்டை மட்டும் வீரம் காட்டி இறுக்காதீர்கள், பிளாஸ்டிக் விரிந்துவிடும்.

பல பட்டறைகளில் வேலை இத்தோடு முடிந்துவிடுகிறது. அது பாதி வேலை. பேட்டரியைக் கழற்றிவிட்டு, கம்ப்யூட்டர் பக்கத்து பிளக்கையும் உருவி, வெள்ளைத் துணியால் ஒற்றிப் பார்க்க வேண்டும். கறை ஒட்டினால் கான்டாக்ட் கிளீனர் அடித்து, நன்றாகக் காயவிட்டுச் செருகவும். ஒயருக்குள் ஏற்கெனவே ஏறிய ஆயில் லீக்கை அடைத்த பிறகும் மெதுவாக வந்துகொண்டிருக்கும். சில வாரம் கழித்து இன்னொரு முறை துடைத்தே ஆகவேண்டும்.

கடைசியாக ஆயில் அளவு. ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம் என்று சொல்லி விற்ற கியர்பாக்ஸ் என்பதால் குழாயில் அளவுக்குச்சியே வைக்கவில்லை. தனிக்குச்சி வாங்கி, என்ஜின் ஓடும்போது, ஆயில் 80 டிகிரி சூட்டில் இருக்கையில் பார்க்க வேண்டும். மெர்சிடிஸ் அனுமதித்த தர எண் உள்ள ஆயிலையே ஊற்றுங்கள்.

கியர்பாக்ஸையோ கம்ப்யூட்டரையோ மாற்றச் சொல்லி யாராவது எஸ்டிமேட் நீட்டினால், கையெழுத்துப் போடுவதற்கு முன் இந்த இரண்டு பிளக்கையும் உங்கள் கண்ணெதிரே கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்.

(தொடரும்)