மண்வளக் காப்பும் ஊராட்சிகளும்

மைசூரிலுள்ள மாநில ஊரக வளர்ச்சிப் பயிற்சி நிறுவனம் அப்துல் நசீர் சாபின் பெயரைத் தாங்கியுள்ளது. கர்நாடக அமைச்சராக விளங்கிய அவர், சிற்றூர்களின் குடிநீருக்காக உழைத்தமையால் ‘நீர் சாப்’ என அழைக்கப்பட்டார். அம்மாநிலத்தில் 1987-இல் ஜில்லா பரிஷத்துகளும் மண்டல் பஞ்சாயத்துகளும் தேர்தல் வாயிலாக அமைந்ததில் அவருக்குப் பெரும்பங்குண்டு.

பின்னர், 1992-ஆம் ஆண்டின் 73-ஆவது அரசியலமைப்புத் திருத்தம், மண்வளப் பாதுகாப்பையும் நீர்வடிப் பகுதி மேம்பாட்டையும் ஊராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க பொருள்களுள் சேர்த்தது.

எனினும், நீர் நிலச்சரிவையே பின்பற்றுகிறது. ஊராட்சி எல்லையை அன்று. மேட்டுநிலத்து வரப்புகள் சிதைந்தால் பள்ளத்து ஊரின் ஏரி தூர்ந்துபோகிறது. உழைப்பு ஓர் ஊருடையது. பயன் மற்றோர் ஊருக்கு. அமெரிக்காவில் 1937 முதல் மண் பாதுகாப்புக்கெனத் தனி மாவட்டங்கள் மாநிலச் சட்டங்களின்கீழ் அமைக்கப்பட்டன. இந்தியாவிலோ, 2008-ஆம் ஆண்டின் பொது வழிகாட்டு நெறிகள், கிராம சபை அமைக்கும் நீர்வடிப் பகுதிக் குழுவிடம் பணிகளை ஒப்படைத்தன. பிற்காலப் பராமரிப்புக்கெனப் பயனாளிகளின் பங்களிப்பால் ஒரு நிதியையும் வகுத்தன.

திட்டக்காலம் முடிந்ததும் குழுவின் ஊக்கம் தளரக்கூடும், ஊராட்சியோ நிலைத்திருப்பது. ஆகவே தடுப்பணைகளும் வரப்புகளும் ஊராட்சியின் சொத்துப் பதிவேட்டில் இடம்பெற வேண்டும். பராமரிப்புச் செலவு ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டத்தில் ஒதுக்கப்பட வேண்டும். மேட்டு ஊரையும் பள்ளத்து ஊரையும் ஒரே அவையில் அமர்த்தும் பொறுப்பைத் தாலுக்கா பஞ்சாயத்து ஏற்கலாம். கட்டுமானத்தைக் காட்டிலும் பராமரிப்பே உள்ளாட்சியின் உண்மையான தேர்வாகும்.