கரையேறும் கப்பல்கள்

கப்பலின் அடிப்பாகம் தரையைத் தொடலாகாது என்பது கடலோடிகளின் பழைய விதி. மணலிலோ பாறையிலோ தட்டினால் கலம் சிதையும். சரக்கும் உயிரும் அழியும். இரண்டாம் உலகப் போரில் இவ்விதியை மீற வேண்டிய தேவை எழுந்தது. துறைமுகங்கள் பகைவர் வசம் இருந்தமையால், வீரர்களையும் டாங்கிகளையும் வெறும் மணற்கரையில் இறக்க வேண்டியதாயிற்று.

நடுக்கடலின் அலைகளைத் தாங்கக் கப்பல் நீரில் ஆழ அமிழ்ந்திருக்க வேண்டும். கரையைச் சேரவோ மேலெழுந்து மிதக்க வேண்டும். ஒரே கலம் இவ்விரண்டையும் செய்வது எங்ஙனம்? அமெரிக்கக் கடற்படையின் வடிவமைப்பாளர் ஜான் நீடர்மெயர் 1941 நவம்பரில் இதற்கு விடை கண்டார். கப்பலினுள் பெரிய நீர்த்தொட்டிகளை அமைத்தார். அவற்றில் கடல்நீரை நிரப்பினால் கப்பல் ஆழ்ந்து செல்லும். கரையருகே அந்நீரை வெளியேற்றினால் மேலெழும். நீர்மூழ்கிக் கப்பல் மூழ்கி எழுவதும் இம்முறையால்தான். 328 அடி நீளமுள்ள அக்கப்பலின் அணியம், அதாவது முன்பகுதி, கரை சேரும்போது ஏறத்தாழ 4 அடி ஆழமே நீரில் அமிழ்ந்திருந்தது.

அணியத்தின் இரு கதவுகளும் வாசற்கதவுகள் போலத் திறக்கும். சாய்தளம் ஒன்று கீழிறங்கும். அதன்வழியே டாங்கிகள் கரைக்கு ஓடும். கரையேறுவதினும் கரையை விட்டு நீங்குவதே கடினம். ஆதலால், வரும்போதே பின்புறத்து நங்கூரத்தைக் கடலில் இட்டுவிடுவர். திரும்பும்போது அதன் வடத்தைச் சுற்றியிழுக்க, சுமை நீங்கிய கப்பல் பின்னோக்கி நகரும். அதன் வேகம் மணிக்குச் சுமார் 20 கிலோமீட்டர்தான். எல்.எஸ்.டி. என்ற அதன் சுருக்கப் பெயருக்குப் ‘பெரிய, மெதுவான இலக்கு’ என்று மாலுமிகளே ஆங்கிலத்தில் கேலியாக விரிவு கூறினர்.

வீரர்களை இறக்கச் சிறு படகுகள் பயன்பட்டன. நியூ ஆர்லியன்ஸ் நகரின் ஆண்ட்ரூ ஹிக்கின்ஸ், சதுப்பு நிலங்களில் ஓட்டுவதற்கென முன்னரே படகுகள் கட்டிவந்தவர். அவருடைய 36 அடி ஒட்டுப்பலகைப் படகில் 36 வீரர்கள் செல்லலாம். முன்புறச் சாய்தளம் மட்டும் அவரது கற்பனையன்று. ஜப்பானியப் படகுகளில் அது இருந்ததை 1937இல் ஷாங்காயில் ஓர் அமெரிக்க அதிகாரி படமெடுத்திருந்தார்.

இப்படகுகளுக்கும் ஓர் எல்லை உண்டு. 1943 நவம்பர் 20 அன்று, பசிபிக் பெருங்கடலின் தராவா தீவுக்கூட்டத்தில் அது வெளிப்பட்டது. தீவைச் சூழ்ந்த பவளப்பாறைத் திட்டின்மீது எதிர்பார்த்த அளவு ஓதம் ஏறவில்லை. படகுகள் திட்டைக் கடக்க இயலாமல் நின்றன. வீரர்கள் நீரில் இறங்கி, குண்டுமழைக்கிடையே நெடுந்தொலைவு நடந்தனர். பலர் கரையை அடையவேயில்லை. மூன்று நாள் போரில் அமெரிக்கர் 1,000 பேருக்கு மேல் மாண்டனர். ஜப்பானியரும் அவர்கள் கொண்டுவந்த கொரியத் தொழிலாளருமாக 4,000 பேருக்கு மேல் மாண்டனர்.

அன்று திட்டைக் கடந்தவை சங்கிலிச் சக்கர ஊர்திகளே. அவை நீரில் நீந்தும், பாறைமேல் ஊரும். வெள்ளத்தில் சிக்கியோரை மீட்பதற்காக ஃபுளோரிடாவில் உருவான அவ்வூர்தியின் முதல் வகைக்கு ‘அலிகேட்டர்’, அதாவது முதலை, என்று பெயர்.

இந்தியக் கடற்படையும் 1949இல் பிரிட்டனிடமிருந்து தரையிறங்கு கப்பல் ஒன்றைப் பெற்று ‘மகர்’ எனப் பெயரிட்டது. இந்தியில் அச்சொல்லுக்கும் முதலை என்பதே பொருள். பின்னர் வந்த மற்றொரு கப்பல் ‘கரியால்’ எனப்பட்டது. அது வட இந்திய ஆறுகளில் வாழும் நீள்மூக்கு முதலையின் பெயர்.